பார்வை பிடிக்கும் ஃபிலிம்

எங்கள் கட்டடத்து மாடிப்படியில் அன்று ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. படிக்கு இரண்டு பேராக உட்கார்ந்திருந்தார்கள். லிஃப்டில் போகலாமே என்பீர்கள். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் அதற்குள்ளும் நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேலும் கீழுமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். இடம் பிடித்தவர்கள் எழுந்திருப்பார்களா?

எல்லாரும் காத்திருந்தது குமிழி ஐயாவுக்காக.

ஐயாவை அறியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஜன்னலுக்கும் குளியலறைக் கதவுக்கும் ஒட்டுவோமே, பனி படிந்த மாதிரி மங்கலாக ஒரு ஃபிலிம், பூப்போட்டது, மூங்கில் போட்டது, வெறும் வெள்ளை என்று கடையில் சுருள் சுருளாக நிற்குமே, அதை வீடு வீடாக ஒட்டிக் கொடுப்பவர் அவர். இதற்கா இத்தனை கூட்டம் என்று கேட்காதீர்கள். ஒட்டுவது பெரிய காரியமில்லை. ஒட்டிய பிறகு ஃபிலிமுக்கு அடியில் கொப்புளம் கொப்புளமாகக் குமிழி வருமே, அதை அவர் வாசிப்பார்.

சாதாரண ஆள் ஒட்டிக் குமிழி வந்தால் அவனை நிற்க வைத்துத் திட்டுவோம். ஐயா ஒட்டிக் குமிழி வந்தால் நாம் எழுந்து நிற்போம்.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. அடுத்தவன் நம் வீட்டைப் பொறாமையோடு பார்க்கிற ஒவ்வொரு பார்வையும் கண்ணாடியில் வந்து ஒட்டிக்கொள்கிறது. வெறும் கண்ணாடியில் அது தெரியாது. ஐயாவின் ஃபிலிம் அதைப் பிடித்துக் குமிழியாக்கிக் காட்டிவிடும். ஒரு குமிழி, ஒரு கண். கொஞ்ச நாளில் தானாகச் சுருங்கி மறைந்தால் அது வழிப்போக்கன் பார்வை, கவலை வேண்டாம். மறையாமல் நின்றுவிட்டால் அது வன்கண். அதற்கு ஐயா மறுபடி வரவேண்டும். பையிலிருந்து ஒரு ஊசியை எடுத்து, கண்ணை மூடி, உதட்டை அசைத்து, குமிழியின் நடுவில் ஒரு குத்து. 'புஸ்' என்றுகூடச் சத்தம் வராது. ஆனால் வீட்டுக்காரருக்குக் கேட்கும். அதற்குத் தனிக் கட்டணம்.

ஒரே ஒரு நிபந்தனை. ஐயா வருவதற்கு முன் ஒரு மாதத்துக்குக் கண்ணாடியைக் கழுவக் கூடாது, துடைக்கவும் கூடாது. கழுவினால் பார்வை கலைந்துவிடும், ஃபிலிமுக்கு அகப்படாது. ஜன்னல் துடைப்பதற்கு விடுமுறை கொடுத்த முதல் மகான் இவர்தான் என்பதால், இந்த நிபந்தனையை எல்லா வீட்டிலும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள்.

ஃபிலிமை ஒட்டுமுன் ஒரு பாட்டிலிலிருந்து கண்ணாடி மேல் எதையோ தெளிப்பார். 'அமைதி நீர்' என்று பெயர். அதில் நுரை வரும், பாத்திரம் தேய்க்கிற சோப்பு வாசனையும் வரும். ஏன் வருகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. படியில் உட்கார்ந்திருந்தவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது மாடித் திருப்பத்தில், கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொள்ள வசதியான இடம்.

நான் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்க்கிறவன். பயத்தை விற்பதில் எனக்கும் அனுபவம் உண்டு. நாங்கள் ரசீது கொடுப்போம், அவ்வளவுதான் வித்தியாசம். இருந்தும் ஐயாவிடம் விழுந்தேன். காரணம் பயமில்லை, ஆசை. யோசித்துப் பாருங்கள், கண்ணேறு என்பது எவ்வளவு கௌரவமான வியாதி. ஜலதோஷம் யாருக்கும் வரும். கண்ணேறு வர வேண்டுமென்றால் நம்மிடம் அடுத்தவன் பொறாமைப்பட ஏதாவது இருக்க வேண்டும். தவணையில் வாங்கிய சோபாவும், முன்பக்கம் வழுக்கையும், எதற்கெடுத்தாலும் 'பார்க்கலாம்' என்று சொல்லும் மேலதிகாரியும் உள்ள என்னைப் பார்த்து, "உங்க மேல ஏகப்பட்ட கண்ணு சார்" என்று ஒரு மனிதன் சொன்னால் அவனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றாதா?

என் மனைவிக்குத் தோன்றவில்லை. அவள் கண் மருத்துவமனையில் செவிலி. கட்டடத்தில் எல்லாருக்கும் 'சிஸ்டர்'. விஷயத்தைச் சொன்னதும் அவள் காய் நறுக்குவதை நிறுத்தாமலே பதில் சொன்னாள்.

"இத்தனை வருஷமா தினம் நூறு கண்ணுக்குச் சொட்டு மருந்து விடறேன். உள்ள போறதத்தான் பார்த்திருக்கேன். ஒரு கண்ணுலேர்ந்தும் வெளிய எதுவும் பறந்து போய்க் கண்ணாடியில ஒட்டினதில்ல."

எங்கள் வீட்டு ஜன்னலுக்கு இப்போதைக்கு ஃபிலிம் வேண்டாம் என்று முடிவாயிற்று. முடிவு செய்தது யார் என்று சொல்லத் தேவையில்லை. நான் கௌரவமாகப் படியில் போய் உட்கார்ந்து, அடுத்தவர் வீட்டுக் கண்களை எண்ணி ஆறுதல் அடைந்தேன்.

இதுவரை இது சிரிப்புக் கதைதான். ஐயா வாசிப்புக்காக இரண்டாம் முறை வந்தபோதுதான் சிரிப்பு நின்றது.

வீடு வீடாகப் போய்ப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். பின்பக்க முற்றத்தைப் பார்த்த ஜன்னல்களில் குமிழிகள் பெரும்பாலும் மறைந்திருந்தன. தெருப்பக்க ஜன்னல்களில் அப்படியே நின்றன, அம்மை போட்ட மாதிரி. முதல் மாடியிலும் தெருப்பக்கம்தான். நாலாவது மாடியிலும் தெருப்பக்கம்தான். ஐயா தெருப்பக்க ஜன்னலைத் திறந்து, கையை நீட்டி, காற்றில் ஒரு கோடு இழுத்தார். கோடு எதிர்க் கட்டடத்து முதல் மாடி ஜன்னலில் போய் நின்றது.

அந்த ஜன்னலில் தையலக்கா உட்கார்ந்திருந்தார்.

எதிர்க் கட்டடத்தின் கீழே தரை ஓடு அறுக்கிற கடை. அதற்கு மேலே ஒற்றை அறையில் அக்கா தனியாக இருக்கிறார். ஜன்னலோரம் தையல் மிஷின். எங்கள் கட்டடத்தில் அக்கா கை படாத துணி கிடையாது. என் கால்சட்டைகளின் இடுப்பை வருடா வருடம் பிரித்துப் பெரிதாக்கி, அதை வெளியில் ஒருவரிடமும் சொல்லாதவர். நாள் முழுக்கக் குனிந்து ஊசியைப் பார்க்கிறவர் நடுநடுவே நிமிர்ந்து தூரத்தில் பார்ப்பார். தூரத்தில் இருந்தது எங்கள் கட்டடம். அதுதான் அவர் செய்த குற்றம்.

ஐயா பெயர் சொல்லவில்லை. அவ்வளவு பண்பு. "ஊசி முனை மாதிரி ஒரு பார்வை, தனியா இருக்கிற ஜீவன், நாள் பூரா இந்தப் பக்கமே முகம்" என்று மட்டும் சொன்னார். மிச்சத்தை நாங்களே கண்டுபிடித்துக்கொண்டோம். கண்டுபிடித்ததில் எங்களுக்கு ஒரு பெருமை வேறு.

அந்த வாரமே அக்காவுக்குத் துணி போவது நின்றது. கொடுத்த துணிகளைத் தைக்காமலே திருப்பி வாங்கி வந்தார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஒருவர் இருக்கிறார், பொறுப்பான மனிதர், எதையும் தள்ளிப்போடாதவர். அக்கா குடியிருக்கும் அறையும் அவருக்குச் சொந்தம். பட்டப்பகலில் தெருவில் நின்று, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மேலே பார்த்து, மாதக் கடைசிக்குள் அறையைக் காலி செய்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அக்காவுக்கு இந்தத் தெருதான் வாடிக்கை. வேறு தெருவுக்குப் போனால் அவர் கையை நம்பித் துணி கொடுக்க ஆளே இல்லை, முதலிலிருந்து தொடங்க வேண்டும். தொடங்குகிற வயதுமில்லை.

என் கால்சட்டை ஒன்று அக்காவிடம் மாட்டிக்கொண்டிருந்தது. அதை வாங்கப் போனேன். யாரும் பார்க்கிறார்களா என்று தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் ஏறினேன், அப்படிப்பட்ட வீரன் நான். கதவு திறந்திருந்தது. அக்கா மிஷினைத் திருப்பிப் போட்டிருந்தார். முகம் சுவரைப் பார்த்து, முதுகு ஜன்னலுக்கு. வெளிச்சமெல்லாம் முதுகில் விழ, மடியில் இருந்த கறுப்புத் துணி இருட்டாகக் கிடந்தது. அதைத் தூக்கி பல்புக்கு நேரே பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கறுப்புத் துணி, கறுப்பு நூல். தையல் எங்க போகுதுன்னே தெரியல தம்பி," என்றார். "கொஞ்சம் கோணலா இருந்தா மன்னிச்சுக்கோங்க. அந்தப் பக்கம் பார்த்தா ஜனங்களுக்குக் கஷ்டமா இருக்காம்."

அவர் அதைப் புகாராகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. நான் ஏதோ உளறிவிட்டு வந்து, வீட்டில் நடந்ததைச் சொன்னேன். இந்த முறை மனைவி காய் நறுக்குவதை நிறுத்தினாள். கல்யாணமானவர்களுக்குத் தெரியும், அது திட்டுவதைவிட மோசம். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள், உங்கள் ஐயா அடுத்த தடவை எப்போது வருகிறார் என்று.

ஐயா மூன்றாம் முறை வந்தது கட்டடம் முழுவதற்கும் சேர்த்து வன்கண் நீக்க. கூட்டம் எங்கள் வீட்டு வாசலில் வந்து முட்டியது. ஏனென்றால் ஊரறிந்த அவநம்பிக்கைக்காரியான சிஸ்டரே ஐயாவை உள்ளே அழைத்திருந்தாள். உட்காரச் சொல்லி, குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். அவள் யாரிடமாவது இவ்வளவு மரியாதையாகப் பேசினால் யாரோ தொலைந்தார்கள் என்று அர்த்தம்.

தெருவைப் பார்த்த எங்கள் கூடத்து ஜன்னலுக்குத் தள்ளித் திறக்கிற கண்ணாடிப் பலகைகள் இரண்டு. இரண்டையும் அவள் சட்டத்திலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்திருந்தாள்.

"ஐயா, எனக்கும் நம்பணும்னுதான் ஆசை. ஒரு சந்தேகம் மட்டும் தீர்த்து வைங்க. எதிர்வீட்டு அக்கா நேரா எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்க, ஃபிலிம் ஒட்டினா என்ன ஆகும்?"

"பொங்கிடும்மா. ஃபிலிமே நிக்காது," என்றார் ஐயா.

"யாரும் எட்டிப் பார்க்காத இடத்துல, கதவச் சாத்திக்கிட்டு ஒட்டினா?"

"பளிங்கு மாதிரி இருக்கும். ஒரு குமிழி வராது."

"ஒட்டறவங்க கைய பொறுத்து மாறுமா?"

ஐயா சிரித்தார். கோணலாக ஒட்டியிருக்கிறது என்று குறை சொன்ன வீடுகளில் எல்லாம் அவர் சொல்லிவந்த பதில் தயாராக இருந்தது. கை யாருடையதாக இருந்தால் என்ன, பிடிப்பது ஃபிலிம்தான் என்றார்.

"அப்ப ரெண்டையும் நம்ம செயலாளர் சாரே ஒட்டட்டும். பொதுவான கை," என்றாள் மனைவி. செயலாளர் அங்கேயே சட்டைக் கையை மடித்துக்கொண்டார். பொதுவான கை என்று அவரை யாரும் அதற்கு முன் புகழ்ந்ததில்லை.

அப்புறம் உள்ளறைக் கதவைத் திறந்தாள். அங்கிருந்து தையலக்கா வந்தார்.

கூட்டம் ஒரு அடி பின்னால் போனது. பின்னால் போக இடமில்லாதவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். செயலாளர் சட்டைப்பையிலிருந்து கறுப்புக் கண்ணாடி எடுத்து மாட்டிக்கொண்டார். அக்கா தலையை நிமிர்த்தவே இல்லை. மனைவி அவரை நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடிப் பலகை ஒன்றை எதிரில் மேஜை மேல் படுக்க வைத்தாள்.

"பாருங்கக்கா. நல்லா, வயிறெரிஞ்சு பாருங்க."

"எனக்குப் பழக்கமில்லையேம்மா."

"முடிஞ்ச வரைக்கும் பாருங்க."

அக்கா பார்த்தார். செயலாளர் அமைதி நீரைத் தெளித்து, ஃபிலிமின் பின்தாளை உரித்து, ஐயா சொல்லச் சொல்ல ரப்பர் வழிப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்கு இழுத்தார். பழக்கமில்லாத கை, முதலில் நாலைந்து நீர்க்குமிழி வந்தது. கூட்டம் மூச்சை உள்ளே இழுத்தது. இன்னொரு தரம் இழுத்தார். குமிழி வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போய் நீராக வடிந்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார். ஃபிலிம் பால் ஊற்றிய மாதிரி வழவழவென்று கிடந்தது.

இரண்டாவது பலகையை எடுத்துக்கொண்டு ஐயாவும் செயலாளரும் நானும் எங்கள் குளியலறைக்குள் போய்க் கதவைத் தாளிட்டோம். மூன்று பேர் நிற்கக் கட்டிய இடமில்லை அது. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் பலகையை வைத்தோம். பொறாமைப்பட அங்கே ஒரு குவளையும், தேய்ந்துபோன ஒரு சோப்பும்தான் இருந்தன. நான் மரியாதைக்காகக் கண்ணை மூடிக்கொண்டேன். அதே பாட்டில், அதே சுருள், அதே செயலாளர். அதே வழிப்பான், இந்த முறை பழகிய கை. இழுத்தார். இழுத்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, இது போக மாட்டேங்குதே," என்று அவர் குரல் கேட்டு நான் கண்ணைத் திறந்தேன்.

பலகை முழுக்கக் கண்கள். எப்படி இழுத்தாலும் அசையாத கண்கள்.

வெளியே கொண்டுவந்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினோம். என் மனைவி இடுக்கியால் இரண்டாவது பலகையின் ஃபிலிமை ஒரு மூலையில் தூக்கினாள். ஒரு குமிழி இருந்த இடத்தைப் பஞ்சால் தொட்டு, அந்தப் பஞ்சைச் செயலாளரிடம் நீட்டினாள். ஐயா வாய் திறக்குமுன் செயலாளர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

பஞ்சில் வெள்ளைப் பொடி. எதிர்க் கடையில் தரை ஓடு அறுக்கும்போது கிளம்பி, தெருப்பக்க ஜன்னல் வழியாக வந்து, நாங்கள் தினமும் சாப்பாட்டு மேஜையிலிருந்து துடைக்கிற அதே பொடி. அதைப் பற்றிச் சங்கத்தில் மாதம் தவறாமல் சண்டை போடுகிறோம். ஒரு மாதம் துடைக்காத கண்ணாடியிலும் அது இருக்கும் என்று மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை. முற்றத்துப் பக்கம் பொடி வராது. அங்கே வெறும் தண்ணீர்க் குமிழி, காய்ந்ததும் போய்விடும்.

"காலையில ஒரு பலகையக் கழுவினேன். ஒண்ணக் கழுவல," என்றாள் மனைவி. "அக்காகிட்ட வெச்சது கழுவினது."

ஐயாவுக்கு உயிர் வந்தது. "நான்தான் சொன்னேனேம்மா, கழுவினா பார்வை போயிடும்னு. போயிடுச்சு. அதான் குமிழி வரல."

"காலையில கழுவினேன். அக்கா பார்த்தது இப்ப, உங்க எதிர்ல. அது எங்க?"

ஐயா இரண்டாவது பலகையைக் காட்டினார். "இது பழைய பார்வை. உள்ள ஊறினது."

"கழுவினா அதுவும் போயிடுமா?"

"போயிடும், ஆனா..."

"ஒரு வாளித் தண்ணியும் பழைய துணியும் போதும்னா, நீங்க எதுக்கு?"

ஐயா பையை மூடினார். அவசரமாக வேறொரு வீட்டில் யாருக்கோ வன்கண்ணாம், உடனே போக வேண்டுமாம். கூட்டம் வழிவிட்டது. இது பயந்து விட்ட வழியா, வெட்கப்பட்டு விட்ட வழியா என்று எனக்குத் தெரியவில்லை. ஊசி குத்த முன்கூட்டியே கொடுத்த கட்டணத்தை மட்டும் முதல் மாடிக்காரர் கீழ்வாசல் வரை துரத்திக்கொண்டு போய்க் கேட்டார்.

செயலாளர் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து குனிந்து, அறையைக் காலி செய்ய வேண்டாம் என்று மெல்லிய குரலில் சொன்னார். ஏதோ சலுகை கொடுக்கிற தோரணை. அக்கா அப்போதுதான் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை கண்ணாடியைத் துளைத்திருக்கும், ஐயா போய்விட்டார், அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"போகச் சொன்னப்ப தெருவுல நின்னு சொன்னீங்க. இருக்கச் சொல்றத மட்டும் காதுல சொல்றீங்களே சார்."

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டார். ஜன்னலுக்குப் போனார். கண்ணாடி கழற்றிய வெறும் சட்டம் அது. தலையை வெளியே நீட்டி, தையலக்கா எங்கேயும் போகவில்லை, தவறு தன்னுடையது என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். கீழே ஓடு அறுக்கிறவர்கள் மிஷினை நிறுத்திவிட்டு என்னவென்று மேலே பார்த்ததால், இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியதாயிற்று.

"நான் என்னத்தப் பார்த்தேன்னு ஒருத்தராவது வந்து கேட்டிருக்கலாம்," என்றார் அக்கா. என் பக்கம் கையைக் காட்டினார். "சொல்லிடறேன், கேளுங்க. தினம் காலையில இந்தத் தம்பி சட்டை போடாம நின்னு, வயித்த உள்ள இழுத்து இழுத்துப் பார்ப்பாரு. அஞ்சு நொடி நிக்கும், அப்புறம் வெளிய வந்துடும். இதுல பொறாமைப்பட என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க."

கட்டடமே சிரித்தது. பல நாளாகச் சிரிக்காதவர்கள் மாதிரி சிரித்தார்கள். என் வயிறு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது அன்று ஒருநாள்தான் என்பதால் நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று எழுந்து போனார். அவர் மன்னித்தாரா என்று கேட்கும் தைரியம் எங்கள் யாருக்கும் வரவில்லை. மறுநாள் துணி எடுத்துக்கொண்டு போனவர்களிடம் வாங்கிக்கொண்டார். ஆனால் தைத்துத் தர இனி அதிக நாளாகும் என்றாராம். அது நியாயம்.

இத்தோடு கதை முடிந்தது, அறிவு வென்றது என்று நிம்மதியாகச் செய்தித்தாளைப் பிரித்தேன். வாசல் மணி அடித்தது. நாலாவது மாடித் தம்பதி. படித்தவர்கள், இரண்டு பேரும் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள். கணவர் தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தார். சிஸ்டர் கை பட்ட கண்ணாடியில் குமிழியே வரவில்லையாம், எல்லாரும் பேசிக்கொள்கிறார்களாம். அந்தக் கையால் தங்கள் வீட்டு ஜன்னலையும் ஒரு தடவை தொட்டுவிட்டுப் போனால் நன்றாக இருக்குமாம். முடியாவிட்டால் அன்றைக்குத் துடைத்த துணியையாவது கொடுத்தால் போதும் என்றார் அவருடைய மனைவி.

என் மனைவி வேலைக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, இருவரையும் நோயாளிகளைப் பார்க்கிற மாதிரி அன்பாகத்தான் பார்த்தாள்.

"ஜன்னலுக்கு ஃபிலிம் ஒட்டினீங்க, சரி. வீட்டுக்குள்ள இருக்கறது வெளிய தெரியக் கூடாது. மண்டைக்கும் எதுக்கு ஒட்டினீங்க? உள்ள ஒண்ணும் இல்லைன்னு வெளிய தெரிஞ்சிடும்னா?"

அவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு மாடியேறிப் போனார்கள். எங்கள் கட்டடத்தில் ஒருவர் யோசிப்பதாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.